ஐம்பத்தெட்டு அங்குலம்

கல்யாண நாள் கேக்கை வெட்டி முடித்த கையோடு கிளைட்டன் உள்ளறைக்குப் போய், நீளமான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பிளாரன்ஸின் மடியில் வைத்தான். அப்போது வீட்டில் இருபது பேர் இருந்தார்கள். அதனால்தான் அவள் கத்தவில்லை. அந்த இருபது பேர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்குத் திரேஸ்புரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

பெட்டிக்குள் ஒரு பூல் கியூ, அதாவது மேஜைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கிற கோல், இருந்தது. மேப்பிள் மரத்தில் முன்பாதி, ஈட்டி மரத்தில் பின்பாதி, நடுவில் பித்தளைத் திருகு. கைப்பிடியில் ரோஜா நிற நூல் சுற்றி, அதற்கு மேலே முத்துச்சிப்பியை வெட்டிப் பதித்து ‘பிளாரன்ஸ்’ என்று எழுதியிருந்தது. மறுபக்கம் ‘கிளைட்டன்’. நடுவில் ஒரு இதயம். வெளிச்சம் படும்போதெல்லாம் மின்னியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“இந்தக் காலத்துல பொண்டாட்டிக்கு வெளையாட்டுச் சாமான் செஞ்சு குடுக்க மாப்பிள யாருக்குளா கெடைப்பான்?” என்றாள் கிளைட்டனின் அம்மா அல்போன்சா, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து.

அவன் செய்துகொடுத்தானாம். அங்கேதான் கூத்து. அந்தக் கியூவுக்கு ஆர்டர் கொடுத்தவள் பிளாரன்ஸ். செய்கிறவரைத் தேடிக் கண்டுபிடித்தவள் பிளாரன்ஸ். நான்கு மாதமாக அந்த மரம் எப்போது தயாராகும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவளும் அவள்தான். அவள் கேட்டது ஐம்பத்தெட்டு அங்குல நீளமும் பத்தொன்பதரை அவுன்ஸ் எடையும். மடியில் கிடந்ததோ ஐம்பத்திரண்டு அங்குலம்கூடத் தாண்டாது. கையில் தூக்கியதுமே தெரிந்தது, பதினாறு அவுன்ஸ் இருந்தால் அதிகம். அவள் கேட்டது ஒரு கருவி. அவளுக்குக் கிடைத்தது ஷோகேஸ் பொம்மை.

பிளாரன்ஸ் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். கண்டெய்னரில் வந்த சரக்கு கஸ்டம்ஸைத் தாண்டி வெளியே போக என்னென்ன காகிதம் வேண்டுமோ அத்தனையும் அவள் கைபட்டுத்தான் போகும். ஒரு எண் தப்பினால் லாரி மூன்று நாள் வெயிலில் நிற்கும். அதனால் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். அந்த ஆபீசுக்கு மேல்மாடியில் எபனேசர் என்பவர் ஒரு பூல் பார்லர் நடத்துகிறார். கஸ்டம்ஸ் சர்வர் படுத்துவிட்ட ஒரு மத்தியானம் ஆபீசே மேலே போய் ஆடிப் பார்த்தது. சர்வர் வந்ததும் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். இவள் மட்டும் ஏழு வருஷமாக இறங்கவில்லை.

போன வருஷம் மாவட்டப் பெண்கள் போட்டியில் முதலாவதாக வந்தாள். மொத்தமே நான்கு பெண்கள்தான் ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளே அதைத்தான் முதலில் சொல்வாள். ஆனால் அதற்கு அடுத்த படி மாநில அணிக்கான தேர்வு. அக்டோபரில், மதுரையில். நாற்பது பெண்கள் வருவார்கள், ஆளாளுக்குச் சொந்தக் கியூவோடு. எபனேசரின் பார்லரில் கிடக்கும் பொதுக் கியூக்களை மேஜைமேல் உருட்டிவிட்டால் வளைசலில் நொண்டிக்கொண்டு ஓடும். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போவதும் போகாமல் வீட்டில் இருப்பதும் ஒன்றுதான்.

அதனால்தான் ஜனவரியில் அவள் செந்தூர்வேலிடம் போனாள். ஸ்கூட்டரில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய பக்கத்துப் புதுக்கோட்டையில் திருநெல்வேலி ரோட்டை ஒட்டி அவருடைய கடைசல் பட்டறை இருக்கிறது. ஒரு காலத்தில் கட்டில் கால் கடைந்தவர். இப்போது கியூ மட்டும்தான். கொச்சியிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆர்டர் வருகிறது. அவரைப் பற்றி அவள் கேள்விப்பட்டதெல்லாம் நல்லதாக இருந்தது, அத்தனையும் உண்மையாகவும் இருந்தது. அளவு எடுக்கிறேன் என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு வரவில்லை அவர். பார்லருக்கே வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க பாட்டுக்கு ஆடுங்க தங்கச்சி. என்னயப் பாக்காதிய.”

ஒரு மணி நேரம் ஆடினாள். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. அவளுடைய முழங்கையையும், கியூவின் பின்பக்கத்தைப் பிடிக்கிற பின்கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாரன்ஸ் ஐந்தடி எட்டு அங்குலம், கையும் நீளம். கல்யாண போட்டோவில் அவளைவிட இரண்டு அங்குலம் குட்டையான கிளைட்டனை ஒரு படி மேலே ஏற்றி நிறுத்தித்தான் எடுத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் செந்தூர்வேல் சொன்னார்: “அம்பத்தெட்டு அங்குலம் வேணும். ஒரு இஞ்ச் கொறஞ்சாலும் ஒங்க பின்கைக்கு இடம் இருக்காது. வெயிட்டு பத்தொம்பதர.” அவள் மனதில் வைத்திருந்ததும் அதே கணக்குத்தான். இவரிடம் கொடுத்தது சரி என்று அப்போதே நிம்மதியாகிவிட்டாள்.

அவர் வேலை செய்கிற விதமும் அவளுக்குப் பிடித்திருந்தது. மேப்பிளை ஒரே நாளில் கடைந்துவிட்டால் பின்னால் வளைந்துகொள்ளும். ஆகவே ஒரு நூலளவு கடைவார், மூன்று வாரம் கயிற்றில் தொங்கவிடுவார், மறுபடி ஒரு நூல் கடைவார். இப்படி மாதக்கணக்கில் போகும். எல்லாம் முடிந்து கடைசியாக நீளத்துக்கு வெட்டுவதற்கு முன்னால், ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் ரம்பத்தைத் தொடமாட்டார். “கொறச்ச மரத்தக் கூட்ட முடியாதுல்லா” என்றார். இந்த ஒழுங்கைக் கேட்டதும் பிளாரன்ஸுக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது. கடைசியில் அந்த ஒழுங்குதான் அவள் காலை வாரியது.

பிப்ரவரியில் கிளைட்டன் லீவில் வந்தான். அவன் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். கப்பல்காரர்கள் லீவில் வந்தால் வீட்டையும் கப்பலாக நினைத்துக்கொள்வார்கள். வந்த வாரமே குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினான், இன்வெர்ட்டரை இடம் மாற்றினான், சமையலறை டப்பாக்களில் பெயர்ச்சீட்டு ஒட்டினான். சீரகம் எது சோம்பு எது என்று ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியாமலா சமைத்தாள்? ஆனால் தான் இல்லாத எட்டு மாதமும் வீடு எப்படியோ தத்தளித்துக் கிடந்ததாகவும், தான் வந்து சரிசெய்வதாகவும் அவனுக்கு ஒரு நம்பிக்கை. நல்லவன்தான். பிளாரன்ஸே சொல்வாள், நல்லவன் என்று. நல்லவர்களோடு சண்டை போடுவதில் இருக்கிற கஷ்டம் மற்றவர்களோடு போடுவதில் இல்லை.

கல்யாண நாளுக்கு மறுநாள் காலை, அந்தப் பெட்டியை ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக்கொண்டு நேரே புதுக்கோட்டைக்குப் போனாள்.

செந்தூர்வேல் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “வாங்க தங்கச்சி. பிடிச்சிருந்துதா? சிப்பி வேலைக்கு மட்டும் ஒம்பது நாளு ஆச்சு.”

“இது யாருக்குச் செஞ்சது அண்ணாச்சி?”

“ஒங்களுக்குத்தான். பேரு போட்டிருக்குல்லா.”

அவள் கியூவை முடுக்கிச் சேர்த்தாள். பட்டறை மேஜைமேல் குனிந்து, பந்து அடிக்கிற மாதிரி நின்றாள். இடது கை முன்னால் போய் மேஜையில் ஊன்றியது. வலது கை வழக்கமாகப் பிடிக்கிற இடத்துக்குப் பின்னால் போனது. அங்கே மரம் இல்லை. அவள் விரல்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“பாத்தியளா?”

பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வெட்டுறதுக்கு முன்னால சார்ட்ட கேட்டேன் தங்கச்சி. சார்தான் சொன்னாவ, லேடீஸுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம், கனமா இருந்தா கை வலிக்கும், அழகாச் செஞ்சிருங்கன்னு. கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸ், ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாவ.”

“அவியகிட்ட என்னத்துக்குக் கேட்டிய? ஆர்டர் குடுத்தது நான்லா?”

செந்தூர்வேல் ஆர்டர் நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். ‘கிளைட்டன், திரேஸ்புரம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் அவன் நம்பர். அதற்குக் கீழே சின்னதாக அவள் நம்பர். அவள் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பிளாரன்ஸுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் “வீட்டுக்காரர் பேரு?” என்று கேட்டார், அவள் சொன்னாள். ரேஷன் கார்டு, கேஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று கேட்ட இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஒரு கியூவுக்கு எதற்கு வீட்டுக்காரர் பெயர் என்று யோசிக்கவில்லை. நம்பர் கேட்டபோதும், ஆபீசில் என் போன் சைலண்டில் கிடக்கும், அவர் அடுத்த மாதம் வந்துவிடுவார், எதற்கும் இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் நம்பரை முதலில் சொன்னவளும் அவளே. ஊர்ச் சரக்குக்கெல்லாம் ஒரு எண் தப்பாமல் எழுதுகிறவள், தன் சரக்குக்குத் தானே அடுத்தவன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் அதற்காக இவரை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

“சரி, பேரு நான் சொன்னதுதான். என் நம்பரும் இருக்குல்லா? ஒரு தடவயாவது அடிச்சியளா?”

அவர் நோட்டை மூடி ஓரமாக வைத்தார்.

“நீளம் பத்தாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“பொறவு ஏன் வெட்டுனிய?”

“வீட்டுக்காரர் ஒண்ணு சொல்லி, நான் வேற ஒண்ணு செஞ்சு, நாளைக்கு ஒங்களுக்குள்ள ஒரு பேச்சு வரக் கூடாதுல்லா தங்கச்சி. நானும் ரெண்டு பொம்பளப் பிள்ளயக் கட்டிக் குடுத்தவன்.”

தெரியாமல் செய்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். இந்த மனிதர் ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தவர். ஒரு இஞ்ச் குறைந்தாலும் இடம் இருக்காது என்று தன் வாயால் சொன்னவர். சொல்லிவிட்டு, போனில் ஒரு ஆண்குரல் கேட்டதும் ஆறு இஞ்சை வெட்டிப் போட்டிருக்கிறார். தன் தொழில் சொன்னதையே அவர் கேட்கவில்லை. இவள் சொன்னதையா கேட்கப்போகிறார்?

“ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க அண்ணாச்சி. அவிய ஒரு கியூ ஆர்டர் குடுத்து, நான் போன்ல, அவியளுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம், ஆறு இஞ்ச் கொறைங்கன்னு சொல்லியிருந்தா கொறச்சிருப்பியளா?”

செந்தூர்வேல் சிரித்துவிட்டார். “அது எப்படி தங்கச்சி?” என்றார். கள்ளமில்லாத சிரிப்பு. அதில் கேலி இல்லை, கெட்ட எண்ணம் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொன்று செய்ய முடியுமா என்று கேட்டாள். பாதி கடைந்து காய்ந்துகொண்டிருக்கிற மேப்பிள் ஒன்று இருப்பதாகவும், அவசரப்படுத்தாமல் செய்தால் செப்டம்பர் கடைசி ஆகும் என்றும் சொன்னார். அவர் செய்தது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும், வேறு பேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். அவள் நோட்டை இழுத்து, கிளைட்டன் பெயரையும் நம்பரையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, தன் பெயரைத் தானே எழுதினாள். கீழே ‘58’ என்று எழுதிச் சுற்றி வட்டமும் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கிளைட்டன் ஹாலில் நின்றான். ஸ்கூட்டர் எங்கே போனது, பெட்டி எங்கே போனது என்று அதற்குள் விசாரித்து முடித்திருந்தான்.

“ஆசையாத்தான செஞ்சேன். அதுக்குப் போயி அவர்ட்ட சண்ட போட்டியாக்கும்?”

“எனக்கு ஆசை இருக்காதா? எனக்கு மதுரைக்குப் போகணும்னு ஆசை. அதுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். நீங்க நான் ஆடி ஒரு நாளாவது பாத்திருக்கியளா?”

அவன் பார்த்ததில்லை. லீவில் வரும்போதெல்லாம் வீட்டில் அவ்வளவு வேலை.

“கனமா இருந்தா ஒனக்குக் கை வலிக்குமேன்னுதான்...”

“ஒங்க இன்ஜின் ரூமுக்கு நான் போன் போட்டு, அந்த பைப்பு பாக்க நல்லா இல்ல, ஆறு இஞ்ச் வெட்டிருங்கன்னா வெட்டுவாவளா?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

கிளைட்டன் கையிலிருந்த எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தான். பிறகு, “சரி விடு. நான் நாளைக்கு அவர்ட்ட போயிப் பேசுதேன். நீ சொன்ன அளவுல வேற செய்யச் சொல்லுதேன்” என்றான்.

இதற்கு என்ன சொல்வது? அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “நீங்க பேசுனது போதும் சாமி. நான் பேசிட்டு வந்துட்டேன்” என்றாள். அவனுக்கு எங்கே தப்பு என்று புரியவில்லை. புரியாத முகத்தோடு கதவுக் கீலுக்கு எண்ணெய் விடப் போனான்.

சிப்பி பதித்த கியூவை அல்போன்சா ஷோகேஸில் மாதா சொரூபத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் பிளாரன்ஸைப் பார்த்து, நீ கொடுத்துவைத்தவள் என்றார்கள். அதை வைத்து ஆட முடியாது என்று முதலில் இரண்டு பேரிடம் விளக்கினாள். அந்த இரண்டு பேரும், மனுஷன் எவ்வளவு செய்தாலும் இவளுக்குத் திருப்தி இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்கள். அதற்கு அப்புறம் விளக்குவதை விட்டுவிட்டாள். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அவள் கேட்காததைக் கொடுத்தால் அது அன்பு. கேட்டதை ஏன் கொடுக்கவில்லை என்று அவள் கேட்டால் அது திமிர்.

ஜூன் கடைசியில் கிளைட்டன் கப்பலேறினான். கப்பல் பிரேசிலுக்குப் போகிறது, நடுக்கடலில் நெட் கிடைப்பது சந்தேகம் என்றான். பிளாரன்ஸ் ஆபீஸ் முடிந்ததும் மாடிக்குப் போய் நொண்டிக் கியூவிலேயே தினமும் இரண்டு மணி நேரம் ஆடினாள். போன் சைலண்டில் இல்லை. செப்டம்பர் முழுக்க அதை மேஜைமேல் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் முடிந்தது. புதுக்கோட்டையிலிருந்து போன் வரவில்லை. அக்டோபர் பதினொன்றாம் தேதி தேர்வு. புதுக் கியூ கைக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும். இரண்டாம் தேதி ஆபீசுக்கு லீவு. காலையிலேயே வண்டியை எடுத்தாள்.

பட்டறைக்குள் கால் வைத்ததும் பார்த்தாள். கியூ தயாராக இருந்தது. முன்பாதியும் பின்பாதியும் முடுக்கி, மேஜைமேல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிடந்தது. சிப்பி இல்லை, இதயம் இல்லை. கறுப்பு நூல் சுற்றிய கைப்பிடி. பின்நுனி மட்டும் வெட்டாமல் நீண்டுகொண்டு இருந்தது. அவ்வளவு நேர்த்தியான வேலை. அதைச் செய்தவர்மேல் அவளுக்கு ஒரு நிமிஷம் கோபமே போய்விட்டது. ஒரே ஒரு நிமிஷம்தான்.

“எல்லாம் முடிஞ்சுட்டு தங்கச்சி. கடைசி வெட்டு மட்டும்தான் பாக்கி” என்றார் செந்தூர்வேல். “நாலு நாளா சாருக்கு அடிக்கேன், போன் போக மாட்டேங்கு. வாட்ஸாப்புல போட்டா ஒத்த டிக்கு விழுது.”

பிளாரன்ஸ் நோட்டைப் பார்த்தாள். அது திறந்துதான் கிடந்தது. அவள் போட்டிருந்த கோட்டுக்கு அடியில் அந்த நம்பர் நன்றாகவே படிக்கக் கிடைத்தது. அதற்கு மேலே அவள் எழுதிய பெயரும், வட்டம் போட்ட ஐம்பத்தெட்டும் அப்படியே இருந்தன.

“நான்தான் அத அடிச்சுட்டனே அண்ணாச்சி.”

“அடிச்சிய, அது சரிதான். ஆனா போன தடவ மாதிரி மனசு வருத்தம் ஆயிரக் கூடாதுல்லா. அப்ப சார்ட்ட மட்டும் கேட்டதுதான் தப்பாப் போச்சு. இந்த தடவ நீங்களும் சொல்லிட்டிய, சாரும் ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்கு நிம்மதி. கரைக்கு வந்ததும் வெட்டிருவோம். எங்கயும் போயிராது.”

மே மாதம் அவள் கேட்டதற்கெல்லாம் ஐந்து மாதமாக யோசித்து, அவர் கண்டுபிடித்த தீர்வு இது. கப்பல் கரை தொட இன்னும் மூன்று வாரம் ஆகும். மதுரைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. பிளாரன்ஸுக்கு, இங்கிருந்து அந்தக் கியூவைத் தூக்கிக்கொண்டு போய் வேறு யாரிடமாவது வெட்டிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. ஆனால் வெட்டு கோணினால் கியூவே பாழாகும்; அதுவும் போக, இவரைத் தாண்டிப் போவது இப்போது அவளுக்குப் போதாது. அவள் சொன்னதைக் கேட்டு இவர் கையால் வெட்ட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். அதற்குக் குறைவாக எதுவும் வேண்டாம்.

“அவிய கடல்ல இருக்காவ அண்ணாச்சி. நான்தான் இங்கன நிக்கேன்.”

“இல்ல தங்கச்சி, நான் என்ன சொல்ல வாரேன்னா...”

“வெட்டுறதுக்கு முன்னால ஆளக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேப்பேன்னு சொன்னிய. ரெண்டு கியூ செஞ்சுட்டிய. இதுவரைக்கும் என்கிட்ட ஒரு தடவகூட கேக்கல. இப்ப கேளுங்க.”

செந்தூர்வேல் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தார். பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்கிற மாதிரி வாசலை ஒருமுறை பார்த்தார். ரோட்டில் ஒரு நிலக்கரி லாரி போனது. பட்டறையில் அவளைத் தவிர ஆள் இல்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டார். பென்சிலை எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“நீளம் எவ்வளவு வைக்கணும் தங்கச்சி?”

“அம்பத்தெட்டு” என்றாள் பிளாரன்ஸ்.

அவர் அளந்து கோடு போட்டார். அவள் குனிந்து டேப்பைத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் ரம்பத்தை எடுத்து வெட்டினார்.